மார்கழித் தண்ணியில் 11ஆம் இடம்

கண்மாயில் தூண்டில் போட்டி. யாருக்கு எந்த இடம் என்று பார்க்கத் தூக்குவாளிக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் 11 என்று எழுதியிருந்தது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கை ஒட்டிய இடம். எட்டிப் பார்த்த பெரியப்பா, "அங்கிட்டா விழுந்துச்சு? வாடை நேரா மூஞ்சில அடிக்குமேப்பா" என்றார்.

வாடைக்காற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் கவலை தண்ணீரைப் பற்றியது. எங்கள் பக்கத்துக் கண்மாய்களுக்குப் பிறை மாதிரி வளைந்த கரை. கரையை ஒட்டி, அதிலும் மடைக்கு முன்னால்தான் நல்ல ஆழம் கிடக்கும். இரண்டு கோடியிலும் தரை மேடேறிவிடும். கலுங்கு இருப்பது தென்கோடியில். குளிர் விழுந்தால் கெண்டை ஆழம் தேடிப் போகும் என்பது தூண்டில் பிடித்த எல்லோருக்கும் தெரியும். மடைக்கு நேரான 5ஆம் இடம், காரைக்குடியில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் மச்சானுக்கு விழுந்தது. அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்த விதத்திலேயே பாதிப் பேருக்கு நம்பிக்கை போய்விட்டது.

மார்கழி கடைசி ஞாயிறு, காலை ஆறே கால் மணி. கோயில் ஒலிபெருக்கி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தண்ணீருக்கு மேல் ஓராள் உயரத்துக்குப் பனி நின்றது. மூன்று நாளாக மூடாக்கும் தூறலும். வெயில் என்பதையே பார்க்கவில்லை. வரத்துக்காலில் வந்த செம்மண் கரைசல் இன்னும் தெளியாமல், கண்மாய் முழுக்கப் பால் ஊற்றிய டீ நிறத்தில் கிடந்தது. தூண்டில்காரனுக்கு இதைவிட மோசமான நாள் அமையாது. தேதியை முன்னமே குறித்துவிட்டதால் தள்ளிப் போடவில்லை.

இந்தப் போட்டியை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவன் என் அக்கா மகன். இங்கிலாந்தில் வேலை. அங்கே குளிர்காலத்தில் கெண்டை பிடிக்கும் போட்டிகள் வாராவாரம் நடக்கும் என்பான். குளத்தைச் சுற்றி எண் போட்ட இடங்கள் இருக்கும். காலையில் சீட்டு எடுத்து அவரவர் இடத்துக்குப் போய்விட வேண்டும். விசில் அடித்தால் தூண்டில் போடலாம், மறு விசிலுக்கு எடுத்துவிட வேண்டும். பிடித்த மீனை வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் எடை போட்டுத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். குளத்தின் ஓரத்தில் பனிக்கட்டி படிந்திருக்கிற நாளிலும் அது நடக்கும் என்று அவன் சொன்னபோது, அந்தத் தண்ணீரில் மீன் எப்படி வாய் திறக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. போன வருஷம் பொங்கல் லீவுக்கு வந்தவன், "மாமா, நம்ம கண்மாயில ஒண்ணு வைப்போமா?" என்றான். போன முறை எட்டுப் பேர் உட்கார்ந்தோம். இந்த முறை பன்னிரண்டு. மாலை போட்டிருந்ததால் மூன்று பேர் வரவில்லை, இல்லையென்றால் பதினைந்து ஆகியிருக்கும்.

கண்மாயின் பெயரை எழுதவில்லை. குன்றக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் இருக்கிறது என்பது போதும். மீன் குத்தகை எடுத்தவரிடம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு உட்காருகிறோம். பிடித்த மீனை எடை போட்டு அவர் விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்வோம். பெயரைப் போட்டால் நாலு ஊர்க்காரர்கள் வந்து நிற்பார்கள், அது அவருக்குத் தொந்தரவு.

விதிகளை மருமகன் கொண்டுவந்தாலும் விசிலை மட்டும் பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மீன்பிடித் திருவிழாவில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால்தான் சனம் தண்ணீரில் இறங்கும். அதே மாதிரி துண்டுதான் வீச வேண்டும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஏழு மணிக்குத் துண்டு வீசுவார், ஒரு மணிக்கு மறுபடி வீசுவார். ஆளுக்கு ஒரு ராடு. கெண்டை வகை மட்டுமே கணக்கு. விரால், கெளுத்தி, ஜிலேபி எது வந்தாலும் கணக்கில் சேராது. மொத்த எடை யாருக்கு அதிகமோ அவருக்கு ஒரு பித்தளைத் தவலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அலைந்து மச்சான்தான் வாங்கி வந்திருந்தார். புளி போட்டுத் துலக்கி, அரச மரத்தடியில் ஒரு நாற்காலி மேல் வைத்திருந்தது.

செட்டிநாட்டில் என்ன பெரிய குளிர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மருமகன் கொண்டுவந்த வெப்பமானியில் காற்று 20 டிகிரி, தண்ணீர் 23 டிகிரி. அவன் ஊரில் இது கோடைகாலத் தண்ணீர். ஆனால் குளிர் என்பது மீனுக்கு மீன் வேறு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். தண்ணீர் 25 டிகிரிக்கு மேலே இருந்தால்தான் நன்றாக மேயும். கீழே இறங்க இறங்க மேய்ச்சல் குறையும். மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் ஆறினால் அசைவு குறையும், பசி குறையும், தின்றது செரிக்க நேரம் பிடிக்கும். கெண்டைக்கு நம்மைப் போல இரைப்பையும் இல்லை. தொண்டைக்குள் இருக்கும் பல்லால் அரைத்து நேரே குடலுக்கு அனுப்பிவிடும். வெயில் காலத்தில் ஓயாமல் மேய்வதற்கு அது ஒரு காரணம். அதே மீன் மார்கழியில் ஒரு வாய் எடுத்துவிட்டு நெடுநேரம் சும்மா கிடக்கும்.

மூடாக்கு போட்டால் இன்னொரு கெடுதல். தண்ணீரில் இருக்கும் நுண்பாசி வெயிலில்தான் பிராணவாயுவை வெளியிடும். மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் அது குறைந்துபோகும், இராத்திரி முழுக்க எல்லா உயிரும் மூச்சுவிட்டு விடிகிற நேரத்தில் அடிமட்டத்துக்கு வந்து நிற்கும். அன்றைக்கு ஆறரை மணிக்கு நடுக்கண்மாயில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்தோம். புதிதாக வந்த பையன் ஒருவன், "எவ்வளவு மீனு பாருங்கண்ணே!" என்று துள்ளினான். மூச்சுக்குத் திணறுகிற மீன் இரையைத் திரும்பிப் பார்க்காது. அவனுடைய சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நான் பேசாமல் இருந்தேன்.

நான் நம்பியது சாதாக் கெண்டையை. அது குளிர் தேசத்து மீன். 1939இல் இலங்கை வழியாக நீலகிரிக்கு ஒரு வகை வந்தது. 1957இல் பாங்காக்கிலிருந்து இன்னொரு வகையைக் கட்டாக்குக்குக் கொண்டுவந்தார்கள், சமவெளிக் குளங்களுக்குப் பரவியது அதுதான். தேங்கிய தண்ணீரிலேயே அது முட்டையிட்டுப் பெருகும். கட்லாவும் ரோகுவும் அப்படி இல்லை, அவற்றுக்கு ஓடும் வெள்ளம் வேண்டும். அதே 1957இல், ஜூலை 10ஆம் தேதி, ஹீராலால் சௌத்ரி ஊசி மருந்து போட்டு அவற்றைக் குளத்திலேயே முட்டையிட வைத்துக் காட்டினார். அதனால்தான் கங்கை மீன் குஞ்சு லாரியில் ஏறிச் சிவகங்கைச் சீமைக் கண்மாய்க்கெல்லாம் வந்து சேர்ந்தது. ரோகு குழம்பு கொதிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவு வரும். ஆனால் வாடை அடிக்கிற நாளில் ரோகுவை நம்பித் தூண்டில் போட மாட்டேன். சாதாக் கெண்டை 23 டிகிரியைக் குளிர் என்றே எண்ணாது. வாயோரத்து மீசையால் சேற்றைத் துழாவிக்கொண்டு அடியிலேயே திரியும். சேறு எங்கே கனமாகக் கிடக்கிறதோ அங்கே அது இருக்கும்.

சேறு எங்கே கனம் என்று எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கண்மாய் முழுக்க வற்றியது. அதற்குப் பிறகு இரண்டு மழை நன்றாகப் பெய்து இன்றுவரை வற்றவில்லை. அதனால்தான் தையிலும் இரண்டு கிலோ, மூன்று கிலோ மீன் அதில் கிடக்கிறது. வருஷா வருஷம் வற்றுகிற கண்மாயில் ஐப்பசி, கார்த்திகையில் விட்ட குஞ்சு மார்கழிக்குள் விரல் நீளம்தான் வளர்ந்திருக்கும். வற்றிய அந்தச் சித்திரையில் மீன்பிடித் திருவிழா வைத்தார்கள். விடியுமுன்பே சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மீனை அமுக்கிப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. துண்டு வீசியதும் நானும் ஊத்தாவோடு உள்வாயில் இறங்கினேன். முழங்கால் சேறு. ஊத்தாவைக் குத்தி, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுத் துழாவி, ஒன்றும் இல்லை என்றால் இரண்டு எட்டு வைத்து மறுபடி குத்த வேண்டும். அப்படிக் குத்திக்கொண்டே தென்கோடிக்கு வந்தவன் சட்டென்று இடுப்பளவு இறங்கினேன். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "பாத்து வாய்யா, கரைக்கு மண்ணு வெட்டுன பள்ளம் அது" என்றார்.

வெளியே வந்த பிறகு கரையில் நின்று அந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். கலுங்கின் மூன்றாவது குத்துக்கல்லில் முதுகை வைத்து நின்றால் எதிரே வடகரையில் ஒற்றைப் பனை தெரியும். அதற்குச் சற்று இடது கைப்பக்கம் ஐயனார் கோயில் மண்குதிரையின் தலை. பனைக்கும் குதிரைக்கும் நடுவில் பார்த்து நடந்தால் முப்பது எட்டில் பள்ளம் தொடங்கும். ஒரு மாட்டு வண்டி நிற்கிற அகலம். அதன் வலது கை ஓரத்தில் வெட்டிப்போட்ட கருவேலமரத்தின் அடிக்கட்டை ஒன்று, பாதி சேற்றுக்கு வெளியே.

இப்படிப் பார்த்து வைக்கும் பழக்கம் ஐயாவிடமிருந்து வந்தது. அவர் மூங்கில் கம்பும் மயிலிறகுத் தண்டுத் தக்கையுமாக மீன் பிடித்தவர். கோடையில் எந்தக் கண்மாய் வற்றினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு உள்வாய்க்குள் நடப்பார். வெடித்த தரையில் அங்கங்கே நின்று, "இங்கன ஓடை. இங்கன பாறை. இதுல வந்து தூண்டி போட்டா முள்ளுதான் போகும்" என்று காலால் தட்டிக் காட்டுவார். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும், வெயிலில் என்னத்துக்கு அலைகிறோம் என்று சலித்துக்கொள்வேன். மீன் பிடிக்கிறது ஐப்பசிக்கு மேலேதான், பார்க்கிறது சித்திரையிலேயே என்பார்.

ஏழு மணிக்குத் துண்டு பறந்தது. கரை நெடுக ஸ்பிரிங் விழுகிற 'தொப் தொப்' சத்தம். எங்கள் பக்கத்தில் கட்லாவுக்குப் போடும் செட் இதுதான். ஒரு கம்பிச் சுருளைச் சுற்றி மாவை உருட்டிப் பிடித்து, அதிலிருந்து தொங்கும் நாலைந்து தூண்டில் முள்ளை மாவுக்குள்ளேயே செருகிவிடுவார்கள். தவிடு, கடலைப் புண்ணாக்கு, பொரிகடலை மாவு, ரொட்டித்தூள், கொஞ்சம் ஏலக்காய் எசன்ஸ் என்று ஆளுக்கொரு கைப்பக்குவம். மாவு கரையக் கரைய மீன் வந்து உறிஞ்சும், முள் வாய்க்குள் போகும். கோடையில் இதை மிஞ்சிய செட் கிடையாது. மார்கழியில் நாலு முறை போட்டால் அரைக் கிலோ மாவு தண்ணீருக்குள் போய்விடும். பசியில்லாத மீனுக்கு முன்னால் அண்டா நிறையச் சோறு வைத்த மாதிரி. ஒரு வாய் தின்றுவிட்டு நகர்ந்துவிடும், அந்த ஒரு வாய் நம் முள்ளில் இருப்பது என்று வைத்துக்கொள்ள முடியாது.

நான் கொண்டுபோனது இரண்டு டப்பா. ஒன்றில் இரண்டு நாள் ஊறவைத்து வேகவைத்த மக்காச்சோளம். இன்னொன்றில் வாழைத் தோப்பில் தோண்டிய மண்புழு. மீனைக் கூட்டுவதற்குப் புண்ணாக்கு இரண்டு கைப்பிடி மட்டும், அதையும் அரித்துத் தூளாக்கி வைத்திருந்தேன். ஒற்றைச் சோளத்தை முள்ளில் போடுவது மருமகன் சொல்லிக்கொடுத்தது. இங்கிலாந்தில் தண்ணீர் 4, 5 டிகிரிக்கு இறங்கிய நாட்களில் மற்றவர்கள் மாவைக் கொட்டும்போது ஒற்றைச் சோளத்தோடு உட்கார்ந்திருப்பவர்தான் பெரும்பாலும் மீன் பார்ப்பார் என்றான். மண்புழு ஐயா சொல்லிக்கொடுத்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் வேலை ஆழம் பார்ப்பது. மூன்றாவது குத்துக்கல்லில் முதுகை வைத்து நின்றேன். பனி இன்னும் விலகவில்லை. பனை நிழல் மாதிரித் தெரிந்தது, குதிரைத் தலை தெரியவே இல்லை. குத்துமதிப்பாக ஈயத்தை வீசி, தக்கையை ஏற்றி இறக்கி அளந்தேன். நாலடி. இன்னும் ஐந்து எட்டுத் தள்ளி வீசினேன். நாலடி. வலதுபக்கம் வீசினேன். நாலரை. மற்றவர்கள் எல்லோரும் தூண்டில் போட்டு அரை மணி நேரம் ஆகியும் நான் ஈயம் எறிந்து ஆழம் பார்த்துக்கொண்டிருந்தேன். 12ஆம் இடத்தில் இருந்த தம்பி, "அண்ணே, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டான். ஏழே முக்காலுக்குப் பனி ஓர் இடத்தில் கிழிந்து குதிரைத் தலை வெளியே வந்தது. வெள்ளையும் சிவப்புமான குதிரை. பனைக்கும் அதற்கும் நடுவில் பார்த்து எறிந்தேன். ஈயம் இறங்கிக்கொண்டே போனது. ஏழடி.

அந்த ஏழடிக்குக் கை நடுங்கியது. மூன்று வருஷம் தண்ணீருக்குள் கிடந்து வண்டல் சேர்ந்து பள்ளம் மூடியிருக்குமோ என்றுதான் பயந்திருந்தேன். இறைவனை நினைத்துக்கொண்டு, தூளில் ஒரு சிட்டிகை ஈரப்படுத்தி நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்றே ஒன்று எறிந்தேன். அது கரைந்து இறங்குகிற இடத்தில் ஒரு புழு.

பள்ளத்தில் மீன் இருக்கும் என்று நம்பியதற்குக் காரணம் உண்டு. நாலடித் தண்ணீரை வாடை கலக்கிக்கொண்டே இருக்கும், இரவில் ஆறும், பகலில் சுடும். ஆழத்தில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு. அலையில் அடித்து வருகிற சருகும் சகதியும் பள்ளத்தில்தான் போய்த் தங்கும், அந்தச் சகதிக்குள் சிவப்புப் புழுக்கள் கூடு கட்டி இருக்கும். அன்றைக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எட்டு மணிக்கு வேட்டங்குடிப் பக்கமிருந்து நீர்க்காகக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடிப்பட்டியும் சேர்ந்த அந்தச் சரணாலயத்தை 1977இல் அறிவித்தார்கள். அங்குள்ள சனங்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாதவர்கள். அங்கே தங்குகிற பறவைகள் இரை தேடிச் சுற்றுவட்டக் கண்மாய்களுக்கெல்லாம் வரும். வரிசையாக முங்கி முங்கி மேட்டுத் தண்ணீரை அவை கலக்க, அங்கிருக்கிற மீன் ஒதுங்கத்தான் பார்க்கும். கரையில் சிலர் கைதட்டி விரட்டினார்கள். நான் சும்மா இருந்தேன். அவை எனக்கு வேலை செய்துகொண்டிருந்தன.

எட்டிலிருந்து பத்து மணி வரை எழுத ஒன்றும் இல்லை. பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் மீன் இல்லை. வாடை கண்ணில் நீரை வரவழைத்தது, துண்டைத் தலையில் கட்டிக் காதை மூடிக்கொண்டேன். அப்பத்தா போட்டுக் கொடுத்த சுக்குக் காபி ஒன்பதுக்கே ஆறிப்போனது. பத்து மணிக்குப் பெரியப்பா கரை வழியாக ஒவ்வொருவரிடமும் நின்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா, கடிக்குதா?"

"ஒண்ணும் இல்ல பெரியப்பா."

"வாடைக்கு மீனு வாயத் தொறக்காதுய்யா. எடம் மாறணுமின்னாலும் விதி விடாது." கொஞ்ச நேரம் என் தக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது என்ன, அசையுதா?"

அசைந்தது என்று சொல்ல முடியாது. தக்கையின் நுனி ஒரு நெல் அளவுக்கு மேலே எழுந்து நின்றது, அவ்வளவுதான். கோடையில் சாதாக் கெண்டை தக்கையை இழுத்துக்கொண்டு ஓடும். குளிரில் இருந்த இடத்திலேயே இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். அது தலையை நிமிர்த்தும்போது ஈயத்தின் பாரம் குறைந்து தக்கை ஒரு நூல் உயரும். அதற்குள் வெட்டி இழுக்க வேண்டும். வெட்டினேன். ராடு வளைந்தது.

பெரியப்பா பேசவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். குளிர்ந்த தண்ணீர் மீன் துள்ளாது, அடியோடு அடியாகக் கனமாக நகரும். கல்லைக் கட்டி இழுப்பது போல இருக்கும். அவசரப்படாமல் ஐந்து நிமிஷம் விட்டுப் பிடித்துக் கைவலைக்குள் கொண்டுவந்தேன். சாதாக் கெண்டை. வயிற்றுப்பக்கம் வெங்கலம் மாதிரி மின்னியது. வாயில் ஒட்டியிருந்த சேறு கறுப்புச் சேறு. கண்மாய் முழுக்கச் செம்மண் கலங்கல் ஓடும்போது அந்தக் கறுப்பு அடிச் சேற்றைப் பார்த்ததும் பள்ளத்தில்தான் இது மேய்ந்திருக்கிறது என்று உறுதியானது. கரையில் அன்றைய முதல் மீன். வலைப்பையில் விட்டுத் தண்ணீருக்குள் இறக்கும்போது விரல் விறைத்துப்போயிருந்தது.

உடனே இன்னும் நாலு உருண்டை எறியத்தான் கை பரபரத்தது. எறியவில்லை. ஒரு நெல்லிக்காய் அளவு, அதற்குமேல் இல்லை. இருபது நிமிஷத்துக்கு ஒன்று. இதற்குத்தான் மனதைக் கட்ட வேண்டியிருந்தது. வாடையோ பசியோ அவ்வளவு படுத்தவில்லை.

பத்தே முக்காலுக்கு மேகம் விலகி வெயில் வந்தது. மூன்று நாளுக்குப் பிறகு வந்த வெயில். கரை முழுக்க எல்லோரும் முகத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். பதினொன்றுக்கு மச்சானுக்கு மடையில் ஒன்று விழுந்தது. அவருக்கே பன்னிரண்டுக்குள் இன்னொன்று. நடுக்கரையில் ஒருவருக்கு மிர்கால். எனக்குப் பதினொன்றரைக்கு ஒற்றைச் சோளத்தில் இரண்டாவது. முதலாவதைவிடப் பெரியது.

மூன்றாவது பன்னிரண்டே காலுக்கு அடித்தது. தக்கை இந்த முறை நெல்லளவெல்லாம் இல்லை, பக்கவாட்டில் சரிந்து போனது. வெட்டியதும் ரீல் கத்தியது. அன்றைக்குக் கரையில் யாரும் பார்த்திராத கனம். பத்து நிமிஷத்துக்குமேல் தாக்குப்பிடித்தேன். மருமகன் தன் ராடை வைத்துவிட்டு ஓடிவந்து, "விடுங்க மாமா, விட்டுப் பிடிங்க" என்றான். விட்டுத்தான் பிடித்தேன். வெயில் ஏறியதும் வாடை ஓய்ந்து, நான் இடதுபக்கமாக நாலு எட்டு நகர்ந்து நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை. பிடிக்கிற கோணம் மாறிப்போனது. மீன் வலதுபக்கம் திரும்பியபோது தூண்டில் நரம்பு எதிலோ உரசுவது கைக்குத் தெரிந்தது. அடுத்த நொடியில் பாரம் போய்விட்டது. கருவேலங்கட்டை.

அந்தக் கட்டையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையை வைத்துத் தாண்டியிருக்கிறேன். பள்ளத்தை நினைவு வைத்த அளவுக்குக் கட்டையை நினைவு வைத்திருந்தால் நின்ற இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். இதை எழுதும்போதும் அந்த நரம்பு உரசின உணர்வு விரலில் இருக்கிறது. ஐயா இருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். சும்மா பார்த்திருப்பார்.

முள் கட்டி மறுபடி போட்டேன். கடைசி அரை மணியில் எனக்கு ஒன்றும் இல்லை. அதுவரை வெறும் கையோடு இருந்த மருமகன், ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு ஒற்றைச் சோளத்துக்கு மாறி ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒன்றே கால் கிலோ கெண்டை ஒன்றை ஏற்றினான். காலையிலேயே மாறியிருக்கலாமே என்று கேட்டேன். "எல்லாரும் மாவு போடுறதப் பாத்ததும் நம்மளும் போடணும்னு தோணிருச்சு மாமா" என்றான். எனக்கு அது நன்றாக விளங்கியது. கரை நெடுக மாவு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்போது சும்மா உட்காருவது லேசான காரியம் இல்லை.

ஒரு மணிக்குத் துண்டு பறந்தது. அரச மரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு எடை போட்டார்கள். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் வெறும் பையோடு வந்து நின்றார்கள். மச்சானுக்கு மூன்று மீன், 5 கிலோ 200. எனக்கு இரண்டு, 4 கிலோ 250. மூன்றாவது ஏறியிருந்தால் தவலை என் வீட்டுக்கு வந்திருக்கும். மச்சான் தவலையைத் தூக்கிக்கொண்டு வந்து, "கலுங்குல உக்காந்து நாலு கிலோ எப்பிடி?" என்று கேட்டார். மடையில் இருந்தவருக்கு அதைச் சொல்வதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சொன்னேன். அவர் திரும்பித் தென்கோடித் தண்ணீரைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, மற்ற இடம் மாதிரியேதான் கலங்கிக் கிடந்தது.

மீனைக் குத்தகைக்காரர் விலைக்கு வாங்கி, ஒன்றைப் பெரியப்பா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றை அப்பத்தா புளி கரைத்து, சின்ன வெங்காயம் நிறையப் போட்டுக் கொதிக்கவிட்டாள். சாதாக் கெண்டையில் சேற்று வாடை இருக்கும் என்று பலர் வாங்க மாட்டார்கள். உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் உரசிக் கழுவி, மோரில் அரை மணி ஊறவைத்துவிட்டால் அந்த வாடை போய்விடும். ராத்திரிக்கு வைத்த குழம்பை மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றிச் சாப்பிடுவது அதைவிட ருசி.

மருமகன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் கலுங்குக்குப் போனோம். மூன்றாவது குத்துக்கல்லில் அவனை நிறுத்திப் பனையையும் குதிரையையும் காட்டினேன். கட்டை எந்தப் பக்கம் என்பதையும் சொன்னேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டான்.

"படத்துல தெரியாதுடா. உள்ள எறங்கி நடந்து பாக்கணும்."

"எப்ப வத்தும் மாமா?"

கலுங்கில் தண்ணீர் இன்னும் ஒரு சாண் மட்டத்துக்குக் கீழேதான் நின்றது. மடையைத் திறந்து வயலுக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள், கதிர் பால் பிடிக்கிற நேரம். இந்த வருஷமும் வற்றாது என்றுதான் தோன்றியது. வற்ற வேண்டும் என்று நினைக்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டு ஒன்றரை ஏக்கரும் அந்த மடைக்குக் கீழேதான் இருக்கிறது.

"சித்திரையில போன் பண்றேன்" என்றேன். "இந்தக் கண்மாய் வத்தாட்டி வேற ஏதாவது ஒண்ணு வத்தும். லீவு கெடச்சா வந்துரு, காலைல ஆறு மணிக்குள்ள நடந்துரலாம்."

"ஊத்தா வச்சிருக்கீங்களா மாமா?"

"பரண்ல இருக்கு. ஒரு பக்கம் கழண்டிருக்கும், கட்டி வச்சிடுறேன்."